வேது வெள்ளமும் கூட இருக்கும் ஆட்களும்

தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்து ஊர்களிலிருந்து சிலர் எழுதியவை. ஒவ்வொன்றுக்கும் மேலே எழுதியவரின் ஊர் இருக்கிறது.

குலசேகரம் பக்கம்

பேறு கழிந்த பெண்ணுக்கு வேது போடுவது (பச்சிலை கொதிக்க வைத்த வெந்நீரால் ஒற்றிக் குளிப்பாட்டுவது) இடுப்பு வலிக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் அதில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் எண்ணெய் தேய்ப்பதில் தொடங்கித் தலை துவர்த்தி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை குழந்தை வேறொருத்தர் மடியில் இருக்கும். தாயின் உடம்பை இன்னொருத்தர் பார்த்துக்கொள்ளும் நேரம் நாள் முழுதும் அது ஒன்றுதான்.

இலை: நொச்சி, புளி, பிலா (பலா), ஆமணக்கு, புங்கு, வாதங்கொல்லி. வகைக்கு இரண்டு கைப்பிடி. 15 லிட்டர் தண்ணீரில் ஒரு விரல் நீளப் பச்சை மஞ்சளைத் தட்டிப் போட்டு, இலைகளையும் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் வெளிறின கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) நிறத்துக்கு வந்ததும் இலையை அரித்தெடுத்துவிட்டு மூடி வைக்கலாம். பச்சைத்தண்ணி கலந்து ஆற்றுவது இங்கே வழக்கமில்லை, தானாகத்தான் ஆற வேண்டும். அதனால் காலையில் குளிக்க வேண்டுமென்றால் முந்தின ராத்திரியே கொதிக்க வைத்துவிடுவார்கள். குளிக்கும்போது வேண்டிய அளவு மட்டும் சூடாக்கினால் போதும்.

எண்ணெய் தேய்த்து அரை மணி நேரம் உட்கார வேண்டும். பிறகு பயறுமாவு போட்டு எண்ணெயை எடுத்துவிட்டு, துவர்த்தை (துண்டை) வேது வெள்ளத்தில் (வேதுத் தண்ணீரில்) முக்கிப் பிழிந்து நடு முதுகிலிருந்து இடுப்புவரை ஒற்ற வேண்டும். ஒற்றுகிறவர் துவர்த்தை முதலில் தன் முழங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் முதுகில் வைக்கலாம். வேது போடுகிற மாமி எப்போதும் முதுகுப் பக்கம்தான் இருப்பார். இரண்டு பேரும் முகத்தோடு முகம் பார்க்க வேண்டியதில்லை. ஒற்றி எடுக்கிற இடைவெளியில் மெதுவாக ஒரு கேள்வி வரும்: "ராத்திரி கண்ணு மூடுனியா மக்ளே?" பதில் வந்தால் வரட்டும். வராவிட்டால் அடுத்த துவர்த்து. இரண்டாம் மூன்றாம் நாள் வரை "உம்" மட்டும் சொல்லும் பெண், அடுத்த வாரம் மாமியார் சொன்னதையும் மாப்பிள்ளை சொல்லாததையும் தானாகச் சொல்லிவிடுவாள். அனுபவமுள்ள வயற்றாட்டிகள் (பேறு பார்க்கும் பெண்கள்) நடுவில் புகுந்து யோசனை சொல்லமாட்டார்கள். அதை அடுப்பங்கரையில் கொண்டுபோய்ப் பேசவும் மாட்டார்கள். அப்படிப் பேசுகிற ஆளை இந்த வேலைக்குக் கூப்பிடக் கூடாது, எத்தனை கைப்பக்குவம் இருந்தாலும்.

தவறு நடக்கும் இடங்கள்: கொதிக்கக் கொதிக்க வயிற்றில் வீசி அடிப்பது (தோல் வெந்துபோகும், தலைசுற்றி விழுவாள்). அடைத்த குளிமுறிக்குள் (குளியலறைக்குள்) கரி அடுப்பு வைப்பது (விஷப்புகை, உயிருக்கே ஆபத்து). சிசேரியன் தையல் ஆறி டாக்டர் சரி என்று சொல்லும் முன் வயிற்றில் ஒற்றுவது. இன்னொன்று, இதை இன்றும் பல வீடுகளில் பார்க்கலாம்: "வயிறு தொங்கும்" என்று குடிக்கத் தண்ணி கொடுக்காமல் இருப்பது. மலம் இறுகும், சிறுநீரில் கடுப்பு வரும், உடம்பு வற்றித் தலை கிறுகிறுக்கும். பால் கொடுக்கிறவளுக்குத் தாகத்துக்குத் தாகம் தண்ணி வேண்டும். சீரகம் போட்ட வெந்நீர் ஆனாலும் சரி, கஞ்சித்தெளிவு ஆனாலும் சரி.

களியக்காவிளை, நர்ஸ் வேலையில் இருப்பவர்

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேறு கழிந்து மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை காரணமில்லாமல் அழுகை வருவது மிகச் சாதாரணம். கூட ஆளிருந்து, தூக்கமும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தெளிந்துவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை, வெறுமை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காதது என்று நீடித்தால் அது பேறுகால மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரிடம் காட்ட வேண்டும். வேதை நிறுத்த வேண்டாம், வேதை மட்டும் நம்பவும் வேண்டாம்.

குழந்தை தூங்கும்போதும் இவளுக்குத் தூக்கம் வராமல் இருப்பது, இல்லாத குரல் கேட்பது, யாரோ குழந்தையை எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள் என்ற பயம், தன்னையோ குழந்தையையோ என்னவாவது செய்துவிடத் தோன்றுவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அவளையும் குழந்தையையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. "காற்று சேட்டை" (பேய் பிடித்திருக்கிறது) என்று சொல்லி மூன்று நாள் மந்திரிக்க வைத்துக்கொண்டிருந்தால் அந்த மூன்று நாளில்தான் விபரீதம் நடக்கும். வீட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, ராத்திரியும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

பேச்சிப்பாறை

இங்குள்ள மலைப் பழங்குடியினரான காணிக்காரர்களின் முறை பற்றி. குடியின் (குடியிருப்பின்) தலைவர் மூட்டுக்காணி, வைத்தியம் பார்ப்பவர் பிலாத்தி. மனது பேதலித்தாலும் உடம்பு தளர்ந்தாலும் பிலாத்தி பச்சிலையோடு சாற்றுப்பாட்டும் பாடுவார். கையில் கொக்கரை இருக்கும். இரும்புத் தகட்டைக் குழலாகச் சுருட்டி, விளிம்பில் பல்பல்லாக வெட்டிய கருவி. இரும்புக் கம்பியால் அதை உரசி உரசித் தாளம் எழுப்புவார். பாட்டு ராத்திரி நெடுநேரம் போகும். நோவு கண்டவரைச் சுற்றிக் குடியிலுள்ளவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்த உட்கார்ந்திருப்பதை விட்டுவிட்டு "என்ன இலை கொடுத்தார், பேர் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குச் சிகிச்சையில் பாதி கிடைக்காது.

களைப்பைப் போக்கும் காட்டுச்செடியான ஆரோக்கியப்பச்சை கேட்டு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1987-ல் அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிப் போன காணிகள், களைப்பு தெரியாமலிருக்க வழியில் அதன் காயைத் தின்றார்கள். விஷயம் வெளியே வந்தது அப்படித்தான். கேரளத்தில் பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா அதன் இலையிலிருந்து 'ஜீவனி' மருந்தை உருவாக்கி, 1995-ல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, பணத்தைக் கையாள 1997-ல் ஒரு அறக்கட்டளை பதிவானது. நல்ல முன்மாதிரிதான். ஆனால் செடிக்குக் கிராக்கி வந்ததும் காட்டில் வேரோடு பிடுங்கியவர்களும் உண்டு. நீரோடைப் பக்கத்து நிழலில் வளரும் சின்னச் செடி அது, மொட்டைமாடித் தொட்டியில் தங்காது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் பறிப்பது குற்றமும்கூட. பறிக்கக் கூட்டிப்போகச் சொல்லிக் காணிகளை நிர்ப்பந்தித்தால் கடைசியில் வழக்கு விழுவது அவர்கள் தலையில்.

பாறசாலை, பச்சிலைக் கடை

பெயர்க் குழப்பத்தால் வரும் கேடு அதிகம், அதனால் எழுதுகிறேன். எல்லைக்கு இரண்டு பக்கமும் 'பிரம்மி' என்றால் நீர்ப்பிரமி. வடக்கே இருந்து வரும் பாக்கெட்டில் 'பிராமி' என்று போட்டிருந்தால் பல நேரம் அது வல்லாரை. நீர்ப்பிரமி இலை சின்னதாய், தடித்து, கரண்டி வடிவில் தண்டோடு ஒட்டியிருக்கும், பூ வெள்ளை அல்லது இளநீலம். வல்லாரை நீளக் காம்பில் நிற்கும், வட்ட இலை, விளிம்பில் அலை. இரண்டும் நல்லவைதான், ஆனால் வேறு வேறு. நீர்ப்பிரமியை வெறும் வயிற்றில் குடித்தால் குமட்டும். பாலோடோ நெய்யோடோ சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதே நல்லது. சாக்கடை ஓரத்திலும் மருந்தடித்த வயல் வரப்பிலும் பறிக்கக் கூடாது, தண்ணீரிலுள்ள உலோக நஞ்சை அந்தச் செடி உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

சர்ப்பகந்தி வேரைத் 'தூக்கத்துக்கு' என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 1952-ல் அதிலிருந்து பிரித்தெடுத்த ரிசர்பின் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது. ஊமத்தைப் புகையும் அப்படியே, அது இல்லாததைக் காணவைக்கும். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பச்சிலை தொடங்குவதானால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும், மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது.

ஆனைகட்டி, அட்டப்பாடி எல்லை

இங்கே இருளர் ஊர்களில் மூப்பன், குருதலை, பண்டாரி, மண்ணுக்காரன் என்று பொறுப்புகள் பிரிந்திருக்கின்றன. சாவு விழுந்தால் வீட்டுக்காரர் எதையும் தனியாக ஓடி ஓடிச் செய்ய வேண்டியதில்லை. தவிலும் குழலும் வாசித்து ஆடித்தான் அனுப்புவார்கள். வெளியாட்கள் அதைப் பார்த்துக் 'குடித்துவிட்டு ஆடுகிறார்கள்' என்று பேசுவது வருத்தமாக இருக்கிறது. அது அழுகையை எல்லோரும் பங்குபோட்டுக்கொள்கிற வழி. மழை விழுந்ததும் பெண்கள் கூட்டமாகக் கீரைக்குப் போவதும் அந்த மாதிரிதான். சுக்குட்டி, பண்ணைக்கீரை, குப்பைக்கீரை மடி நிறைய வரும். நாலஞ்சு மணி நேரம் பேசிக்கொண்டே நடப்பார்கள். மனசு சரியில்லாத பெண்ணை வீட்டில் படுக்கவிடாமல், "கீரைக்கு வா புள்ளே" என்று நடுவில் விட்டு நடத்திக் கூட்டிப்போவார்கள்.

குலசேகரம் பக்கம், மறுபடியும்

வயற்றாட்டிகள் குறைந்துபோன ஊர்களில் வேதை எப்படி நடத்துவது என்று கேட்டவருக்கு: அக்கம்பக்கத்தில் மூன்று பெண்கள் போதும், ஆளுக்கு இரண்டு நாள் விட்டு ஒரு நாளாக முறை வைத்துக்கொள்ளலாம். இலை பறிப்பதும் விறகும் தண்ணீர் சுமப்பதும் கணவன் வேலை. இதைப் பேறுக்கு முன்பே பேசி வைக்க வேண்டும்.

எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு, முதல் வாரம் ஊரே வந்து நிற்பது, மூன்றாவது வாரம் ஒருத்தரும் எட்டிப்பார்க்காமல் போவது. சோர்வு கனக்கத் தொடங்குவது அப்போதுதான். ஆகவே நெருங்கின ஆட்கள் இருபதாம் நாளுக்குப் பிறகு போகட்டும். குழந்தைக்குச் சட்டை வேண்டாம், அது பெட்டி நிறைய இருக்கும். ஒரு தூக்குவாளியில் பயறு போட்ட கஞ்சி, நல்லமிளகு இடித்த சம்மந்தி (துவையல்). வாளியை அங்கேயே விட்டுவிட்டு வரலாம். அதை எடுக்க இன்னொரு நாள் போகலாம்.