மறு: மைக்ரோ ஆர்.என்.ஏ, பயோமார்க்கர் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> மைக்ரோ ஆர்.என்.ஏவை ‘நுண் ஆர்.என்.ஏ’ என்றும் பயோமார்க்கரை ‘உயிர்க்குறி’ என்றும் வைத்துக்கொள்ளலாமே?

இரண்டிலும் எனக்கு இடறுகிறது. (புதியவர்களுக்கு: ஆர்.என்.ஏ என்பது உயிரணுவுக்குள் இருக்கும், வேதி ‘எழுத்துகள்’ கோத்த இழை. பயோமார்க்கர் என்பது ரத்தம் போன்றவற்றில் அளந்து உடம்பின் நிலையை அறிய உதவுவது.)

முதலில் ‘நுண்’. நுண்ணுயிர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் நுண். எந்த ஆர்.என்.ஏதான் கண்ணுக்குத் தெரிகிறது? இங்கே சங்கதி நீளம். புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ ஆயிரக்கணக்கான எழுத்துகளுக்கு ஓடும். மைக்ரோ ஆர்.என்.ஏ ஏறக்குறைய 22 எழுத்தில் முடிந்துவிடும். தூது ஆர்.என்.ஏவின் வால் பக்கம் போய் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாகாமல் அடக்கும். 1993இல் உருளைப்புழுவில் இதைக் கண்டு சொன்ன விக்டர் ஆம்புரோசுக்கும் கேரி ரவ்குனுக்கும் 2024இல்தான் நோபல் வந்தது. ஓசை குறுகிய உகரத்தைக் குற்றியலுகரம் என்கிறோம், நுண்ணியலுகரம் என்பதில்லை. ஆகவே ‘குறு ஆர்.என்.ஏ’. இதில் பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன்.

சிக்கல் ‘உயிர்க்குறி’யில். நோய்க்குறி என்றால் ஏற்கெனவே சிம்ப்டம். நாடி, மூச்சு, ரத்த அழுத்தத்தை உயிர்க்குறிகள் என்று எழுதுகிறவர்களும் உண்டு. போதாததற்குக் குறி சொல்கிறவர் வேறு நினைவுக்கு வருகிறார். ‘சுட்டி’ என்றால் கணினி மவுசா, இணைய இணைப்பா, பக்கத்து வீட்டுப் பையனா என்று கேட்பார்கள்.

‘நோய் அடையாளம்’ என்று இன்னொருவர் சொன்னது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது, பொருள்தான் தவறு. மிர்-155 என்ற குறு ஆர்.என்.ஏ முடக்குவாதக்காரர்களின் மூட்டுச் சவ்வில் கூடுகிறது; சில புற்றுநோய்களிலும் கூடுகிறது. மிர்-146ஏ லூபசில் (உடம்பின் எதிர்ப்பாற்றல் உடம்பையே தாக்கும் நோய்) குறைகிறது. இது அழற்சிக்குப் பிரேக் மாதிரி. பிரேக் தேய்ந்தால் இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்பாற்றல் புரதம் வேகம் பிடிக்கும். ஆக, இவை ஒரு நோயின் பெயரைச் சொல்வதில்லை, உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன. மருந்து கேட்கிறதா என்று பார்க்கவும் பயோமார்க்கர்தான் உதவுகிறது. அதனால் ‘நோய்காட்டி’யும் போதாது.

நாள்பட்ட களைப்பு நோயைப் பாருங்கள். இன்றுவரை அதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி சொல்வதைக் கேட்டு, மற்றதை விலக்கித்தான் முடிவு. (இதற்குக் ‘களைப்பு’ என்ற சொல்லே எனக்கு உறுத்தல். களைப்பு தூங்கினால் போய்விடும். இது மாடிப்படி ஏறிய மறுநாள் அடித்துப் போட்டாற்போல் கிடக்க வைப்பது. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.) மான்ட்ரியல் ஆய்வுக்குழு ஒன்று 2020இல், நோயாளிகளின் கையில் காற்றுப்பட்டை கட்டி அழுத்தி, அந்த மறுநாள் முடக்கத்தை வேண்டுமென்றே லேசாகத் தூண்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தது. 11 குறு ஆர்.என்.ஏக்கள் சேர்ந்த கொத்து ஒன்று நோயாளிகளைப் பிரித்துக்காட்டியது. ஒற்றை ‘அடையாளம்’ அல்ல, நிலைமாற்றம்.

அப்புறம் ஒரு ஆய்வகக் கதை. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு காலை ரத்தச் சீரம் (உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் நீர்) இருந்த குழாய்கள் வைக்கோல் நிறத்துக்குப் பதில் இளஞ்சிவப்பாக வந்தன. அவசரத்தில் ஊசியால் இழுத்ததில் சிவப்பணு உடைந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் மிர்-451 கொட்டிக் கிடக்கும். கருவி அதையும் அளந்து ‘மிக அதிகம்’ என்றது. அது நோயாளியின் நிலை இல்லை, குழாயின் நிலை. அத்தனையையும் கொட்டிவிட்டு மறுபடி ரத்தம் கேட்டு அனுப்பினோம். அடையாளம் என்று பெயர் வைத்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போகிறது. காட்டி என்றால், முள் தப்பாகவும் காட்டலாம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எனவே என் முன்மொழிவு: ‘உடல்நிலைகாட்டி’, சுருக்கமாக ‘நிலைகாட்டி’. திசைகாட்டி, நாள்காட்டி வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். வழிகாட்டியைப் போல இதிலும் ஒற்று மிகாது. ‘நிலைக்காட்டி’ என்று யாரும் திருத்திவிட வேண்டாம். பயிருக்கும் விலங்குக்கும் ‘உடல்’ பொருந்துமா என்று தாவரவியல்காரர்கள் சொல்லட்டும்.