படகு கட்டும் சங்கிலி அடியில் மட்டும் தேய்ந்து போகிறது, அவசரம்

முத்துநகர்க்காரன்:
சங்கிலியைத் தூக்கிப் பார்த்தால் கீழ்க் கண்ணிகள் பாதியாகிக் கிடக்கின்றன, மேலே நன்றாகத்தான் இருக்கிறது. எதை வாங்கிப் போட? வாடைக் காற்றுக்குள் மாற்ற வேண்டும்.

மணல்திட்டு:
எத்தனை எம்எம்? சாதா இரும்பா, ஜிங்க் பூசியதா? அடியில் மணலா சகதியா?

பழைய வெல்டர்:
சங்கிலியை இணைக்கிற ஷாக்கிள் (பூட்டு வளையம்) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே? அதுதான் காரணம். கடல் தண்ணீரில் இரண்டும் தொட்டுக்கொண்டு இருந்தால் இரும்புதான் கரையும்.

மணல்திட்டு:
அண்ணா, அப்படியென்றால் ஷாக்கிளை ஒட்டின கண்ணிகள்தானே போகும்?

நீலத்திரை:
நம் கடல் சூடு, 28, 30 டிகிரி. அதனால்தான் இவ்வளவு வேகம்.

மாலுமி:
அடிப்படையைப் படித்துவிட்டு எழுதுங்கள் தம்பி. 10 டிகிரி கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 6 சொச்சம்தான். ஆக்சிஜன் குறைந்தால் துருவும் குறையும்.

நீலத்திரை:
கரைவது குறைகிறது சரி, ஆனால் இருக்கிற ஆக்சிஜன் இரும்பை வேகமாகப் போய்ச் சேருகிறதே சார், வினையும் வேகமாக நடக்கிறதே? திறந்த தண்ணீரில் 80 டிகிரி வரைக்கும் சூடு ஏற ஏற அரிப்பு கூடத்தான் செய்யும்.

மாலுமி:
அது பாய்லர் கணக்கு என்று நினைத்தேன். கடலுக்கும் பொருந்தும்தான், சரி.

சங்குமுகம்:
சண்டை இருக்கட்டும். முத்துநகர், கண்ணியில் எந்த இடம் போயிருக்கிறது என்று பாருங்கள், அதுதான் முக்கியம். சகதியில் புதைந்த கண்ணி கறுத்து, சுரண்டினால் அழுகிய முட்டை நாற்றம் அடித்து, அடியில் குழி குழியாக இருந்தால் பாக்டீரியா, அதற்கு ஆக்சிஜனே வேண்டாம். கண்ணியும் கண்ணியும் உட்காரும் உள்வளைவு மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் உரசல். அலை சங்கிலியைத் தூக்கித் தூக்கி மணலில் போடும்போது துரு உதிர்ந்து புது இரும்பு வெளியே வரும், அது மறுபடி துருப்பிடிக்கும்.

பழைய வெல்டர்:
ஜிங்க் கட்டி தொங்கவிடலாமே, இரும்புக்குப் பதில் அது கரையுமே?

சங்குமுகம்:
கண்ணிக்குக் கண்ணி மின்தொடர்பு சரியாக இருக்காது அண்ணா, பக்கத்தில் நாலைந்து கண்ணியைத்தான் காப்பாற்றும்.

முத்துநகர்க்காரன்:
16 எம்எம், சாதா இரும்பு, மணல் அடி. ஷாக்கிளும் இரும்புதான். நாற்றம் இல்லை, உள்வளைவுதான் பளபளப்பு. அடிப்பாகத்துக்கு மட்டும் 20 எம்எம் போடப் போகிறேன். நன்றி.

சங்குமுகம்:
சரிதான். மேல் பாகத்தின் விட்டத்தையும் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள். கப்பல் நங்கூரச் சங்கிலியில் விட்டம் 12 சதவீதம் குறைந்தாலே மாற்றிவிடுவார்கள், உங்கள் 16-க்கு அது 14 எம்எம். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் குறுக்குவெட்டில் கிட்டத்தட்ட கால்வாசி இரும்பு போயிருக்கும்.

மணல்திட்டு:
20-க்கு ஏற்ற ஷாக்கிள் இருக்கிறதா? பழையது பொருந்துமா என்று பாருங்கள்.