நியூபோர்ட் 1965: கிதாருக்கா அத்தனை கோபம்?

கேள்வி: ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நகர நாட்டுப்புற இசை விழாவில் பாடகர் பாப் டிலன் மின்கிதாரோடு பாடியதும் கூட்டம் கூச்சலிட்டது. வாத்தியமா காரணம்?

பதில் 1: ஒலியமைப்பு படுமோசம். பாட்டின் சொற்களே புரியவில்லை என்பதுதான் மூத்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரின் புகாரும். மூன்றே பாட்டில் டிலன் இறங்கிவிட்டார் என்ற எரிச்சல் வேறு.

பதில் 2: சாக்கு! கோபம் மின்னிசை மேல்தான். மார்ச்சில் வந்த டிலனின் இசைத்தட்டிலேயே பாதி மின்னிசைதானே? மறு ஆண்டு மே மாதம் மான்செஸ்டர் கச்சேரியில் ஒருவர் டிலனைத் துரோகி என்ற பொருளில் ‘யூதாஸ்’ என்று கத்தியது ஒலிபெருக்கியைப் பார்த்தா? டிலனோ குழுவை இன்னும் உரக்க வாசிக்கச் சொன்னார். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருக்கிறது.

கேட்டவர்: சீகர் கோடரியைத் தூக்கினாராமே?

பதில் 1: தூக்கவில்லை. கையில் இருந்தால் ஒலிவாங்கிக் கம்பியை வெட்டியிருப்பேன் என்றுதான் சொன்னார்.