குன்னூரில் புது வீடு: ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டருக்குப் பூச்சு வேலைக்கு முன் என்ன செய்து வைப்பது?

மலைச்சரிவு:
வணக்கம். குன்னூர் பக்கம் மேஸ்திரி வைத்துச் சொந்தமாக வீடு கட்டுகிறோம். கட்டுவேலை முடிந்தது, பூச்சு ஆரம்பிக்கவில்லை. ஆறு பேர், மூன்று பாத்ரூம். மூன்று கீசருக்குப் பதிலாக ஒரே ஹீட் பம்ப் வைக்கலாம் என்று எண்ணம். எத்தனை லிட்டர் வாங்குவது? சுவரை மூடும் முன் எந்தக் குழாய், எந்த வயர் போட வேண்டும்? மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்டோர் ரூமில் வைக்கலாம் என்கிறார் பிளம்பர். அதே மெஷினால் ஹாலையும் சூடாக்க முடியுமா?

குழாய்ப்புலி:
ஸ்டோர் ரூம் வேண்டாம்ங்க. ஹீட் பம்ப் சூட்டைக் காற்றிலிருந்துதான் எடுக்கிறது, மணிக்குச் சுமார் 400 கன மீட்டர் காற்று அதன் வழியே போகும். படிக்கட்டுக்குக் கீழே இருப்பது ஐந்தாறு கன மீட்டர் இடம். தான் வெளியே விட்ட குளிர்ந்த காற்றையே திரும்ப இழுத்து, காயிலில் (காற்றின் சூட்டை உறிஞ்சும் குழாய்ச் சுருள்) பனி கட்டி, கடைசியில் மெஷின் டிரிப் ஆகும். பிறகு "கம்பெனி சரியில்லை" என்று பேச்சு வரும். பின்பக்கம் கூரை போட்ட தாழ்வாரம் இருந்தால் அதுதான் இடம். இல்லாவிட்டால் டேங்க் உள்ளே, கம்ப்ரஸர் வெளியே என்று பிரித்து வைக்கும் ஸ்பிளிட் மாடல் வாங்குங்கள். எதுவானாலும் ஃபேன் பக்கம் படுக்கையறை ஜன்னலைப் பார்க்கக் கூடாது.

லிட்டர் கணக்கு: உங்கள் ஊரில் குளிர்காலத்தில் தண்ணீர் 15 டிகிரி என்று வைப்போம். குளிக்க 40 டிகிரி போதும். டேங்கில் 55 டிகிரி இருந்தால், குளிக்கும் தண்ணீரில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல் வெந்நீர். ஆளுக்கு இரண்டு பக்கெட், அதாவது 40 லிட்டர் என்றால் 25 லிட்டர் வெந்நீர். ஆறு பேருக்கு 150. டேங்கில் 85 சதவீதம்தான் நல்ல சூட்டில் வரும், எனவே 200 லிட்டர் டேங்க் மட்டுமட்டாகப் போதும். ஷவரில் எட்டு நிமிடம் நிற்கிற வீடு என்றால் ஆளுக்கு 40 லிட்டர் வெந்நீர், மொத்தம் 240. அப்போது 300 லிட்டர். நானாக இருந்தால் 300தான் போடுவேன். சமவெளியில் தண்ணீரே 26 டிகிரியில் வரும் என்பதால் அங்கே 200 வைத்தவர்கள் சொல்லும் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாது.

300 லிட்டரை 15லிருந்து 55க்கு ஏற்ற 14 யூனிட் சூடு வேண்டும். கீசரில் அத்தனையும் கரன்ட். ஹீட் பம்பில் குளிர் நாளிலும் ஏறக்குறைய 5 யூனிட். ஆனால் குளிரில் சூடு ஏறும் வேகம் 2 கிலோவாட் அளவுக்கு இறங்கிவிடும், ஏழு மணி நேரம் பிடிக்கும். டைமரைக் காலை 10 மணிக்கு வையுங்கள். மதியக் காற்றில் சூடு இருக்கும்போது ஓடி முடித்துவிடும். விடியற்காலை 4 மணிக்கு ஓட்டுவது இருப்பதிலேயே மோசமான நேரம்.

வாங்கும்போது ஒன்று: குறைந்தபட்ச வெளி வெப்பநிலை எவ்வளவு, டிஃப்ராஸ்ட் (காயிலில் பிடித்த பனியைத் தானே உருக்குவது) உண்டா என்று ஸ்பெக்கில் பாருங்கள். காற்று 7 டிகிரிக்குக் கீழே போனால் காயிலில் பனி பிடிக்கும். டிஃப்ராஸ்ட் இல்லாத மாடல் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு எலிமென்டில் (கீசரில் இருப்பது போன்ற கரன்ட் சூடேற்றி) ஓடும். அப்புறம் அது வெறும் பெரிய கீசர்தான்.

ஆம்பியர்:
எலிமென்ட் பற்றி இன்னும் கொஞ்சம். டெக்னீஷியன்கள் பெரும்பாலும் ஆட்டோ மோடில் விட்டுப் போவார்கள். அதில் எலிமென்ட் எப்போது வேண்டுமானாலும் சேர்ந்து ஓடும், பில்லில்தான் தெரியும். ஈகோ மோடில் வையுங்கள். வாரம் ஒரு முறை மட்டும் 60 டிகிரிக்கு மேல் ஏற்றுங்கள், டேங்கில் கிருமி தங்காது.

கம்ப்ரஸர், எலிமென்ட் இரண்டும் சேர்ந்து 3 கிலோவாட் வரை இழுக்கலாம். டிபியிலிருந்து (வீட்டு மெயின் ஸ்விட்ச் பெட்டி) தனி லைன், 4 சதுர மி.மீ. காப்பர், 16 ஆம்பியர் சி-டைப் எம்சிபி (லோடு மிஞ்சினால் விழும் ஸ்விட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் துண்டிப்பது). பிளக் சாக்கெட் வேண்டாம், டபுள் போல் ஐசொலேட்டர் (இரண்டு வயரையும் ஒன்றாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) போடுங்கள். மழைச் சாரல் படாத பெட்டிக்குள். மலையில் வோல்டேஜ் இறங்கும். கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகாமல் முனகிக்கொண்டே இருந்தால் வைண்டிங் போய்விடும். எனவே லோ வோல்டேஜ் கட்டும், மூன்று நிமிட டிலேயும் உள்ள ஸ்டெபிலைசர் வையுங்கள்.

ஹாலுக்கு இந்த மெஷின் ஆகாது. 2 கிலோவாட் சூடு தண்ணீருக்கே சரியாகப் போகிறது. ஹாட் அண்ட் கோல்ட் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசியும் ஹீட் பம்ப்தான். அதைத் தனியாக வையுங்கள். அதற்கு இப்போதே வெளிப்புறம் சரிவாக 75 மி.மீ. ஸ்லீவ் (ஏசி குழாய், வயர் போக ஒரு பைப் துண்டு) ஒன்று சுவரில் விடுங்கள். சூடாக்கும்போது வெளி யூனிட்டிலிருந்து தண்ணீர் சொட்டும், நடைபாதைக்கு மேல் மாட்டாதீர்கள்.

மலைச்சரிவு:
மிக்க நன்றி. பின்பக்கத் தாழ்வாரத்தில் வைக்கிறோம். அங்கிருந்து தூரத்து பாத்ரூம் 12 மீட்டர். பிளம்பர் ஒரு இஞ்ச் குழாய் போடச் சொல்கிறார். மொட்டை மாடி டேங்கிலிருந்து பிரஷர் பம்ப்பும் உண்டு.

குழாய்ப்புலி:
முக்கால் இஞ்ச் போதும்ங்க. முக்கால் இஞ்ச் சிபிவிசியில் (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்) மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும், 12 மீட்டருக்கு 3 லிட்டர். ஒரு இஞ்ச் போட்டால் 5 லிட்டருக்கு மேல். அத்தனை ஆறின தண்ணீரும் கொட்டிய பிறகுதான் சூடு வரும். சுவருக்குள் 9 மி.மீ., வெளியே 19 மி.மீ. நைட்ரைல் இன்சுலேஷன், வெயில் படும் இடத்தில் மேலே அலுமினிய உறை, இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். 10 மீட்டர் சிபிவிசி 40 டிகிரி சூட்டில் 25 மி.மீ. நீளும். நேராக இழுத்துச் சிமென்டில் பூசி இறுக்கினால் எல்போவில்தான் விரிசல் விடும். நடுவில் ஒரு வளைவு கொடுங்கள். டேங்கில் நேரடியாக சிபிவிசி முறுக்காமல் பித்தளை நிப்பிள், ஸ்டீல் ஹோஸ் வழியாக இணையுங்கள்.

பிரஷர் பம்ப் இருப்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். 300 லிட்டர் 15லிருந்து 55க்குப் போனால் 4 லிட்டர் விரியும். வெறும் ஓவர்ஹெட் டேங்க் என்றால் அது மேலே திரும்பிவிடும். பம்ப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரைத் திரும்ப விடாதது) இருப்பதால் போக இடமில்லை. பிரஷர் ஏறி சேஃப்டி வால்வு தினமும் சொட்டும். சொட்டுகிறதென்று வால்வை அடைத்துவிடுபவர்களும் உண்டு, அது ஆபத்து. குளிர்நீர் உள்ளே வரும் பக்கம் விரிந்த தண்ணீரை வாங்கிக்கொள்ள 18 லிட்டர் எக்ஸ்பான்ஷன் டேங்க் போடுங்கள். நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் மெஷினுக்கும் இடையில்தான் அது வர வேண்டும், முன்னால் போட்டால் பயனில்லை. பிரஷர் 3 பாருக்கு மேல் வந்தால் அதைக் குறைக்கும் ரெடியூசிங் வால்வும் சேருங்கள்.

டிரெய்ன் இரண்டு: சேஃப்டி வால்வுக்கு ஒன்று, காயிலில் வடியும் தண்ணீருக்கு ஒன்று. உங்கள் மூடுபனியில் இரண்டாவது நிறையவே ஓடும்.

ஆம்பியர்:
டேங்க் நிறைந்தால் 400 கிலோ வரும். தாழ்வாரத் தரை நிரப்பின மண் மேல் இருந்தால் உட்காரும், தனியாக 10 செ.மீ. கான்கிரீட் பீடம் போட்டு, ரப்பர் பேட் வையுங்கள். மெக்னீசியம் ஆனோடை (டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரையும் கம்பி) மேலே உருவ வேண்டிய மாடல் என்றால் கூரைக்கும் டேங்குக்கும் நடுவே அதன் நீளத்துக்கு இடம் விடுங்கள். முதல் ஆனோடை ஒரு வருஷத்தில் கழற்றிப் பாருங்கள். தேய்மானத்தை வைத்து அடுத்தது எப்போது என்று தெரியும். பூச்சுக்கு முன் குழாயை 10 கிலோ பிரஷரில் ஒரு இரவு விட்டுப் பாருங்கள், சிபிவிசி ஒட்டிய மறுநாள்.