குடி அரசு இதழும் சுயமரியாதை இயக்கமும்: முந்தியது எது?

கேள்வி (கீழக்கரை):
எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் சுயமரியாதை இயக்கத்தைப் பற்றிப் பேசவிருக்கிறேன். குடி அரசு அந்த இயக்கத்தின் ஏடாகவே தொடங்கப்பட்டதா என்பதைப் பெரியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1 (தொண்டி):
தம்பி, இயக்கம் பிறந்து இதழைத் தொடங்கவில்லை. இதழ்தான் இயக்கத்துக்கு வழி திறந்தது. 1925 மே 2 அன்று ஈரோட்டில் ஞானியார் அடிகள் குடி அரசு வார இதழைத் தொடங்கி வைத்தபோது பெரியார் காங்கிரசில்தான் இருந்தார். ஒரு சைவ மடத்தின் தலைவர் அதைத் தொடங்கி வைத்தார் என்பதை உங்கள் பேச்சில் விட்டுவிடாதீர்கள். அவ்வாண்டு நவம்பரில், திரு.வி.க. தலைமை வகித்த காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில், ஒவ்வொரு வகுப்பினருக்கும் உரிய பங்கு கோரும் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடம் மறுக்கப்பட்டதால் பெரியார் வெளியேறினார். அப்போது தம் கருத்தை ஊர்தோறும் கொண்டுசெல்ல ஓர் இதழ் அவர் கையில் ஆயத்தமாக இருந்தது என்பதையே நான் முதன்மையான செய்தியாகக் கருதுகிறேன்.

பதில் 2 (மண்டபம்):
அண்ணன் சொன்னது சரி. ஆனால் விடுதலை இதழை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1935இல் நீதிக்கட்சி தொடங்கிய ஏடு, பின்னரே பெரியாரின் பொறுப்புக்கு வந்தது. நம் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த விருதுநகரில் 1931இல் சுயமரியாதை மாநாடு நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.