இன்ஜினியரிங் இறுதியாண்டு: வகுப்பிலா, தொழிற்சாலையிலா?

காட்பாடிக்காரன்:
வேலூர்ப் பக்கம் கல்லூரிகள் கம்பெனிகளோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகின்றன, பேப்பரில் படம் வருகிறது, அத்தோடு சரி. கடைசி செமஸ்டர் முழுக்க மாணவர்களைத் தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும் என்கிறேன். ராணிப்பேட்டையில் இருக்கும் மத்திய அரசின் பெல் (BHEL) ஆலையில், அனல்மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிரிக்கும் கருவிகளைச் செய்கிறார்கள். மின்னேற்றம் பெற்ற சாம்பல் தகட்டில் ஒட்டும், சுத்தியல் தட்டி உதிர்க்கும். அந்தத் தகட்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த பையனுக்குப் புத்தகப் படம் தனியாகப் புரிய வைக்க வேண்டியதில்லை.

பாகாயம் டீச்சர்:
சார், பார்ப்பது வேறு, ஆறு மாதம் அங்கே மாட்டிக்கொள்வது வேறு. என் மாணவி ஒருத்தி செமஸ்டர் முழுக்க ஒரு கம்பெனியில் வருகைப் பதிவேட்டை எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அதற்குப் பெயர் இன்டர்ன்ஷிப்! சம்பளம் இல்லாத ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? கம்பெனி இன்று கேட்கும் சாஃப்ட்வேர் நாளை மாறிவிடும். தெர்மோடைனமிக்ஸ் மாறாது, அதை அரைகுறையாக விட்டுவிட்டு அனுப்ப எனக்கு மனமில்லை.

வாணியம்பாடி தோல்:
பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்றே இருவரும் பேசுகிறீர்கள். என்ன வேலை கொடுப்பது என்று பேசுங்கள். பாலாற்றைத் தோல் கழிவு கெடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இன்று பல தோல் ஆலைகளுக்குப் பொதுவான சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரைச் சவ்வு வழியாக வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சுகிறார்கள். கடைசியில் பல உப்புகள் கலந்த கழிவு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது. விற்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. காய்ச்சும் செலவோ தனி. சிறு தோல் பதனிடும் ஆலைக்கு ஆராய்ச்சிப் பிரிவு ஏது? கெமிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் உண்டா?

காட்பாடிக்காரன்:
நல்ல யோசனைதான் அண்ணே. ஆனால் முதலாளிகள் உள்ளே விடுவார்களா? மாசு வாரியத்துக்குத் தகவல் போய்விடும் என்று பயப்படுவார்களே.

பாகாயம் டீச்சர்:
இந்த மாதிரி வேலை என்றால் நானே அனுப்புகிறேன். உதவித்தொகை வேண்டும், மதிப்பெண் எங்கள் துறைதான் போடும். அளந்த கணக்கை மாணவர் ஆய்வேட்டில் அப்படியே போடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் கையெழுத்து கிடையாது.

வாணியம்பாடி தோல்:
அந்தக் கடைசி நிபந்தனைக்கு எங்கள் பக்கம் பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மேடம். ஆலையின் பெயரை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் போடுவதென்றால் பேசிப் பார்க்கிறேன்.