தார் இல்லாத பாலைவனத் தரையில் கொலம்பியா இறங்கியது எப்படி?

கேள்வி (சுங்கை சிப்புட்):
படிவம் நான்கில் படிக்கும் என் மகள், 1982 மார்ச் 30 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் நியூ மெக்சிகோவின் வைட் சேண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளத்தில் இறங்கியதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். எங்கள் தோட்டத்தில் மழை பெய்த மறுநாள் செம்பனைக் குலை ஏற்றிய லோரியே செம்மண் சாலையில் புதைந்து நின்றுவிடுகிறது. அப்படியிருக்க, 94 டன் எடையுள்ள ஓடத்தைத் தார் போடாத தரை எப்படித் தாங்கியது? புளோரிடாவில் கான்கிரீட் ஓடுபாதை இருந்தும் அங்கே ஏன் போகவில்லை?

பதில் 1:
தங்கச்சி, நான் தோட்டத்தில் கிரேடர் ஓட்டியவன். அந்தத் தரை வறண்ட ஏரியின் ஜிப்சம் படுகை; நம் வீட்டுக் கூரைக்கு அடியில் பிளாஸ்டர் சீலிங்காக ஒட்டியிருப்பதும் ஜிப்சம்தான். அதைச் சமன்செய்து ரோலரால் இறுக்கி, ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுபாதைகள் அமைத்திருந்தார்கள். ஓடமோ தரையைத் தொட்டபின் 4 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் ஓடியது. உங்கள் லோரிக்கு நேர்ந்ததுதான் கலிபோர்னியாவில் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்கும் நேர்ந்தது: ஓடம் முதலில் இறங்கவிருந்த அங்குள்ள ஏரிப்படுகை மழையில் நனைந்து பயன்படாமல் போனதால், தரைக் கருவிகளை ரயிலில் ஏற்றி வைட் சேண்ட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். புளோரிடாவின் ஒடுங்கிய ஓடுபாதையைவிட, வழி தவறினாலும் ஓட இடமுள்ள அகன்ற ஏரிப்படுகையே தொடக்கப் பயணங்களுக்கு ஏற்றதெனக் கருதினார்கள். புளோரிடாவில் ஓடம் முதன்முதலாக இறங்கியது 1984 பிப்ரவரியில்தான்.

பதில் 2:
சேறு இல்லையென்றாலும் தூசி இருந்தது, அக்கா. பலத்த காற்றில் ஜிப்சம் பறந்ததால் தரையிறக்கத்தை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். இறங்கிய பிறகும் அந்த வெண்தூள் ஓடத்தின் இடுக்குகளில் எல்லாம் புகுந்துவிட்டது. அதைத் துப்புரவு செய்வது பெரும்பாடாகிப் போனது. பின்பு வேறெந்த விண்வெளி ஓடமும் அங்கே இறங்கவில்லை. கட்டுரையில் இந்தப் பகுதிக்கு மகள் கூடுதல் இடம் ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

பதில் 3:
ஒரு சிறு செய்தி. நார்த்ராப் என்ற விமான நிறுவனத்தின் பெயரை வைக்கப்போய், ஆங்கில எழுத்து ஒன்று பிசகி, அந்த ஓடுபாதை நார்த்ரப் என்றே ஆகிவிட்டது. நம் தாத்தாக்களின் பெயரைக் கிராணி தம் காதில் விழுந்தபடி எழுதிவைத்த கதைதான்! அந்தத் தரை இன்றும் வெறுமனே கிடக்கவில்லை: 2019 டிசம்பரில் ஸ்டார்லைனர் விண்கலம் பாராசூட்டும் காற்றுப்பைகளும் கொண்டு அங்கேதான் இறங்கியது.